ஒரு பிடி அரிசி



இத்திங்கள் இப்பகுதியில் இரயில் முன்பதிவு விதிகளைப்பற்றி எழுதுவதாக இருந்தேன். அன்பர்கள் சிலர் கேட்டும் இருந்தனர். அதனை அடுத்த திங்களுக்கு ஒத்திவைக்க நேர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். சென்ற ஞாயிறன்று எங்கள் ஆச்சியின் முதலாண்டு நினைவு நாள். அன்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சொன்று என் உள்ளத்தை விட்டு அகல மறுக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றிலும் அத்தகைய பேச்சு என்றேனும் எழக்கூடியதே; ஆகையால் அதனையே இங்கு எழுதத் துணிந்தேன்.

ஆச்சி நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1962-ஆம் ஆண்டில், மணமாகிய சில திங்களில், தாத்தாவுடன் பம்பாய்க்கு வந்தார். அக்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து இந்நகருக்கு நேர் வண்டி கிடையாது. மீட்டர் பாதை வண்டியில் சென்னை எழும்பூர் வரையில் ஒரு பயணம். அங்கிருந்து மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரல் நிலையம். பின்னர் அகலப் பாதை வண்டியில் விக்டோரியா டெர்மினஸ். இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என வழங்கும் அந்நிலையத்தில் வந்திறங்கியபோது, அவர் கையிலிருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு வேதப்புத்தகம், அரிசி அளக்கும் உழக்கு ஒன்று ஆகிய மூன்றுமே. அவ்வுழக்கு இன்றும் எங்கள் வீட்டில் உள்ளது.

தாத்தாவுக்குத் தாராவியில் தோல் பதனிடும் வேலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த நம்மவரில் மிகப் பலருக்கு அன்று சோறளித்தது அத்தொழிலே என்பதை வாசகர்கள் அறிவார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் குடித்தனம். பிள்ளைகள் ஐவர். தாத்தா இளமையிலேயே காலமானார். அதன் பின்னர் ஆச்சி விடியற்காலையில் இட்டலி அவித்து விற்று, அவ்வைவரையும் ஆளாக்கினார். பேரப்பிள்ளைகள் பதினால்வரையும் மடியில் வைத்து வளர்த்தார்.

இவ்வளவே ஆனால், தாராவியில் இதனைப் போன்ற வரலாறு வீட்டுக்கு வீடு உண்டு. ஆச்சியைப்பற்றி ஊரார் தனித்துப் பேசுவதற்குக் காரணம் வேறு. ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞர் எவராயினும், அவர் எந்தச் சாதியினர், எந்தச் சமயத்தவர் என்று கேளாமல், வேலை கிடைக்கும்வரையில் அவருக்கு அவ்வீட்டில் ஒரு தட்டு இருந்தது. படுக்க இடமில்லாதபோது அறைக்குள் பெண்கள், வாசலில் ஆண்கள் என்று ஏற்பாடு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்நகரம் கலவரத் தீயில் வெந்தபோது, கதவடைத்துக் கிடந்த சந்தில் எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கஞ்சி அனுப்பியவர் அவர். 2005 ஜூலை 26-ஆம் நாள், சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு கரை புரண்டபோது, நனையாத அரிசி எங்கள் வீட்டுப் பரண்மீதுதான் இருந்தது. அவ்வரிசி மூன்று நாளில் தீர்ந்தது. எங்கள் வீட்டார் உண்டது அதில் ஒரு பங்கே.

அப்பரணில் இருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின். அதுதான் இக்கட்டுரையின் தலைவன் என்று சொல்லலாம்.

திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கைப்பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தவுடன், அதில் ஒரு பிடியை எடுத்து வேறு பாத்திரத்தில் போட்டுவிட்டு, எஞ்சியதையே களைவார்கள். திங்கள் இறுதியில் அப்பாத்திரத்தை ஆலயத்துக்குக் கொண்டு செல்வார்கள். அங்கே சேரும் அரிசியைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் விற்று, அத்தொகையை ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் ஊழியங்களுக்கும் செலவிடுவார்கள். உண்டு மிகுந்ததைக் கொடுப்பதன்று இது; உண்ணுமுன்னரே எடுத்து வைப்பது. அதிலேதான் இதன் நுட்பம் இருக்கிறது.

இவ்வழக்கம் ஒரு சமயத்தாருக்கே உரியதன்று. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தியதும், மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில் அது நிகழ்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவின் மற்றொரு கோடியாகிய மிசோரத்தில் 1910-ஆம் ஆண்டு முதல் மகளிர் இவ்வாறே பிடியரிசி சேர்த்துத் தம் திருச்சபைப் பணிகளை நடத்தி வருகின்றனர். நாடு வேறு, மொழி வேறு, சமயம் வேறு. அடுப்பருகே நிற்கும் பெண்ணின் கை மட்டும் ஒன்றுபோலவே நீண்டிருக்கிறது.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆகையால் இதனையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு பிடி அரிசியை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். 40 கிராம் இருந்தது. நாளைக்கு இருவேளை உலை வைத்தால் 80 கிராம். முப்பது நாளைக்கு 2.4 கிலோ. நாற்பது வீடுகள் சேர்ந்தால் 96 கிலோ. கிலோ 45 ரூபாய் என்று வைத்தாலும் திங்களுக்கு 4,320 ரூபாய் ஆகிறது. எந்த வீட்டிலும் எவர் வயிறும் குறைந்திராது. ஆனால் எங்கோ ஓரிடத்தில் ஒரு குடும்பத்தின் வாடகை தீர்ந்திருக்கும்.

எவர் வயிறும் குறைந்திராது என்று எழுதினேன். அது முழு உண்மையன்று. ஓர் இரவு குறைந்தது.

அது 2004-ஆம் ஆண்டின் மழைக்காலம். நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தந்தையாருக்கு உடல்நலமில்லை, தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை நின்று ஒரு திங்களாயிற்று. அன்றிரவு வீட்டில் அரிசி இல்லை. ஆனால் திங்களின் கடைசி வாரமாதலால், பரண்மேலிருந்த டின் நிறைந்திருந்தது. பசியினால் மதி மயங்கிய நான், “நம்ம பானை காலியா கிடக்கு. யாருக்கோ டின்னை நெறச்சு வச்சிருக்கீங்க. இது பக்தியா ஆச்சி, பைத்தியமா?” என்று கேட்டுவிட்டேன். பதினைந்து வயதுப் பையன் பாட்டியைப் பார்த்துக் கேட்கத்தக்க சொல்லன்று அது.

ஆச்சி சினக்கவில்லை. “எடுத்து வச்சபொறவு அது நம்மளது இல்லய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு இஸ்லாமிய அம்மையாரிடம் உழக்கை ஏந்திச் சென்று இரண்டு உழக்கு அரிசி கடன் வாங்கி வந்தார். அதை உலையில் இடுமுன்னர் அக்கடன் அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டார்! நான் உண்ணாமலே படுத்தேன். அச்சினம் பல ஆண்டுகள் என் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தேறினேன். அதற்குமேல் படிக்க இயலவில்லை. இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானேன். எழுத்தரானவனுக்கு ஊரார் கணக்கெல்லாம் வந்து சேரும் என்பது உலக வழக்கு. 2021-ஆம் ஆண்டில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் பழைய கணக்கேடுகளைப் படியெடுத்துத் தருமாறு என்னிடம் கொடுத்தார்கள். உதவி பெற்றோர் பெயரை எழுதுவதில்லை என்பது அச்சங்கத்தின் விதி. அரிசி விற்ற வரவு ஒரு பக்கம். மறுபக்கத்தில் ‘ஒரு விதவைக்கு மருந்து’, ‘ஒரு குடும்பத்துக்கு ஊர் செல்ல வண்டிச் சத்தம்’ என்பன போன்ற வரிகள். படியெடுத்துக்கொண்டே வந்தவன், 2004 நவம்பர்ப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ‘ஒரு பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணம்’ என்று எழுதியிருந்தது. அவ்வாண்டு எங்கள் சபையில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பையன் ஒருவனே. அவன் நானே.

அன்றே ஆச்சியிடம் சென்று கேட்டேன். அவருக்கு அப்போது எண்பது வயதிருக்கும். “ஏன் ஆச்சி இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லல?” என்றேன். “வாங்குனத நெனச்சுக்கிட்டே இருந்தா கூனிப்போயிருவ. அதான் சொல்லல” என்றார். பழைய இரவைப்பற்றி நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, “சாப்பிட்டியா?” என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். பின்னர் மூன்றாண்டு கழித்துக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில், பவுல் தம் மாணவன் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூரும் பகுதி வாசிக்கப்பட்டது. அப்பகுதிக்கு இத்துணைப் பொருள் உண்டென்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நிற்க. சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு வருகிறேன்.

ஜெபம் முடிந்து அனைவரும் உணவருந்தியபின், சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகள் ஐவரும் பணம் போட்டு ஆச்சிக்குப் பளிங்குக் கல்லில் நினைவுக் கல் அமைக்க வேண்டும் என்பது அது. தொகையும் ஏறத்தாழச் சேர்ந்துவிட்டது. ஆனால் இந்நகரத்தில் உயிரோடிருப்பவருக்கே இடம் அரிது, இறந்தவருக்கு எளிதா? சாதாரணக் கல்லறைகள் சில ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் தோண்டப்பட்டு வேறொருவருக்கு இடமாவது இங்கு வழக்கம். அப்படியானால் கல்லை எங்கே நடுவது? ஊரிலே நடலாம் என்றார் ஒருவர். ஊரில் யாரிருக்கிறார்கள் பார்க்க என்றார் மற்றொருவர். தாராவி வீட்டுச் சுவரிலேயே பதிக்கலாம் என்றார் இன்னொருவர். மறுசீரமைப்புக்காக 2024 முதல் வீடு வீடாக அளந்து எண்ணிட்டு வருகிறார்களே, அச்சுவர் எத்தனை நாளைக்கு என்றார் தந்தையார்.

இவ்வாறு பேச்சு வளர்ந்துகொண்டிருக்கையில், மூலையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த என் அத்தை நிமிர்ந்தார். அத்தை அதிகம் பேசாதவர். வயது அறுபத்திரண்டு.

“கல்லு வைங்க, வைக்காமப் போங்க. ஒண்ணு சொல்லுதேன். எங்கம்மா ஊருக்கெல்லாம் சோறு போட்டா. நெசந்தான். அந்தச் சோத்துக்கு அரிசி களைஞ்சது யாரு? ராத்திரி உக்காந்து மாவரைச்சது யாரு? வந்தவன் போனவன் தட்டெல்லாம் கழுவுனது யாரு? ஏழாங்கிளாசோட எம்படிப்பு நின்னது எதுக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா? எங்கம்மாவ நான் குத்தம் சொல்லல. அவளுக்கும் வேற வழியில்ல. ஆனா எல்லாரும் அவ கையத்தான் பாத்தீங்க.”

வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அத்தை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்தவர். வகுப்பில் முதல் மாணவி. 1975-ஆம் ஆண்டில், மேற்படிப்புக்கு வேறு பள்ளிக்குச் செல்ல வேண்டிய நேரத்தில், வீட்டு வேலைக்குக் கை போதவில்லை என்று நிறுத்தப்பட்டார். இது எங்கள் அனைவருக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்திருந்தும் ஒருவரும் அதனை ஆச்சியின் ஈகையோடு சேர்த்து எண்ணியதில்லை. என் பரீட்சைக் கட்டணத்தை அந்த அரிசி டின் கட்டியது; அத்தைக்கு அது கட்டவில்லை. நான் ஆண்பிள்ளை, அத்தை பெண்பிள்ளை. கணக்கேட்டில் எழுதப்படாத வரி அது.

அன்றிரவு செம்பூருக்குத் திரும்பும்போது, எப்போதோ படித்திருந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ஜார்விஸ் என்றொரு அம்மையார் வாழ்ந்தார். அவர் பெற்ற பிள்ளைகள் பதின்மருக்கு மேல், ஆளானவர் நால்வரே. மற்றவர்களைக் கொள்ளைநோய்கள் கொண்டுபோயின. அத்துயரத்தில் முடங்கிவிடாமல், 1858-ஆம் ஆண்டில் அக்கம்பக்கத்துத் தாய்மாரைச் சங்கமாகத் திரட்டி, துப்புரவையும் நல்ல பாலையும் பற்றி வீடுதோறும் எடுத்துரைத்தார். உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரு தரப்பு வீரருக்கும் அச்சங்கத்தார் பணிவிடை செய்தனர். ஞாயிறு பள்ளி ஆசிரியையாகவும் விளங்கிய அவ்வம்மையார் 1905 மே 9-ஆம் நாள் மறைந்தார். அவர் மகள் அன்னா, 1908 மே 10-ஆம் நாள், கிராஃப்டன் நகரத்து மெதடிஸ்ட் ஆலயத்தில் தாயார் நினைவாக ஆராதனை நடக்க ஏற்பாடு செய்து, தாயார் விரும்பிய வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் 500 அனுப்பினார். இன்று உலகெங்கும் கொண்டாடப்படும் அன்னையர் தினம் அதிலிருந்து வந்ததே. 1914-இல் குடியரசுத் தலைவர் வில்சன் அதனை நாடு முழுவதற்கும் உரிய நாளாக அறிவித்தார்.

அதன் பின்னர் நடந்தது சிந்திக்கத்தக்கது. பூ வணிகரும் வாழ்த்து அட்டை வணிகரும் அந்நாளைக் கைப்பற்றிக்கொண்டனர். அன்னா அதனை எதிர்த்துப் போராடித் தம் செல்வத்தையெல்லாம் இழந்து, 1948-இல் காலமானார். தாயார் செய்த தொண்டு மறைந்தது. பூ மட்டும் நின்றது.

நம் திருநெல்வேலிக்கு அருகே, பாளையங்கோட்டையில், இதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவையான கிளாரிந்தா அம்மையார் 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட அச்சபையின் பதிவேட்டில் இருந்த பெயர்கள் நாற்பது. அவற்றுள் முதற்பெயர் அவருடையது. 1785-இல் எழுந்த ஆலயத்தை மக்கள் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றே வழங்கினர். அவர் வெட்டுவித்த கிணறும் அப்பெயராலேயே வழங்கிற்று. வயிற்றில் பிள்ளை பெறாத அவரை ஒரு சபையே தாயாகக் கொண்டது. கிணறு நல்ல நினைவுச் சின்னம். அதில் நீர் இறைப்பவர், இறைக்குந்தோறும் வெட்டியவரை நினைப்பார். ஆனால் அக்கிணற்றை வெட்டிய கூலியாளரின் பெயர் நமக்கு எங்கே தெரிகிறது?

தாயின் ஈகையைப் போற்றுவது நம் மரபு. நம் சங்க விழாக்களிலும், நினைவு மலர்களிலும், ‘வந்தாரை வாழவைத்த தாய்’ என்று எழுதாத பக்கம் இல்லை. அச்சொல் பொய்யன்று. ஆயினும் ஒரு கை கொடுத்ததென்றால், அதன் பின்னே வேறொரு கை உழைத்திருக்கும். பெரும்பாலும் அது ஒரு மகளின் கை, அல்லது மருமகளின் கை. அக்கையைக் காணாமல் தாயை மட்டும் புகழ்ந்தால், புகழ்ச்சியும் பாதியே, நன்றியும் பாதியே.

மறுநாள் சித்தப்பாவே தொலைபேசியில் அழைத்தார். “கல்லு வேண்டாம்டே. அக்கா என்ன சொல்லுதாளோ அதச் செய்வோம்” என்றார். அத்தையிடம் கேட்டோம். தமக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை. “நம்ம சந்துல ஒரு பிள்ள பத்தாவதோட நிக்கப்போகுது. அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. வீட்டு வேலைக்கு ஆளில்லையாம். ஃபீஸ் மட்டும் கட்டுனாப் போதாது. அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் குடுத்தாத்தான் அவ பள்ளிக்கூடம் போவா” என்றார். படித்தவர் பலர் கூடியிருந்தும் எங்களுக்குத் தோன்றாத வழி அது. கட்டணத்தை அடைப்பது எளிது. அப்பெண்ணின் கையை வேலையிலிருந்து விடுவிப்பதே கடினம். அதை அறிந்தவர் அதனால் அடிபட்டவரே.

அவ்வாறே முடிவாயிற்று. கல்லுக்குச் சேர்ந்த தொகை ஐக்கியச் சங்கத்தில் செலுத்தப்பட்டது. கணக்கேட்டில் ‘ஒரு பெண்ணுக்கு மேற்படிப்பு’ என்று நானே எழுதினேன். சோறு கொண்டுபோகும் முறையை ஐந்து வீட்டார் பங்கிட்டுக்கொண்டோம். அத்தை தம் பங்கைக் கேட்டபோது, “நீங்க செஞ்சது போதும் அத்தை” என்றேன். அவர் சிரித்தார், அழுதாரென்றும் சொல்லலாம்.

பழைய டின் இப்போது செம்பூரில் என் வீட்டில் இருக்கிறது. அத்தைதான் கொடுத்தனுப்பினார். என் மகளுக்கு எட்டு வயது. அவள் கைப்பிடியில் 25 கிராமுக்கு மேல் கொள்ளாது. ஆயினும் நாளும் தவறாமல் அவளே எடுத்துப் போடுகிறாள். அரிசி களைந்து உலையிடும் வேலையைப் பதினொரு வயது மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் பாதி அரிசியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டான். கற்றுக்கொள்வான். தட்டுக் கழுவும் வேலை எனக்கு.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய தாயோ பாட்டியோ இருந்திருப்பார், இன்றும் இருக்கலாம். அவர்களைப்பற்றி எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் அன்புகூர்ந்து இடமளிப்பார் என நம்புகிறேன். எழுதும்போது, அவர் பக்கத்தில் நின்று அரிசி களைந்தவர் எவர் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவர் உயிரோடிருந்தால், எழுதுமுன் அவரைச் சென்று கண்டு இரண்டு சொல் பேசிவிட்டு வாருங்கள்.

முன்பதிவு விதிகளை அடுத்த திங்கள் விளக்குகிறேன்.